மூத்த குழலும் இளைய குழலும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாக்ஸபோன். "பால் வெட்டும் குடும்பங்களுக்கும் சாக்ஸபோனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

1994-ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கிய 'டூயட்' என்ற திரைப்படம் வெளிவந்தது. அதில் நடிகர் பிரபு சாக்ஸபோன் வாசிக்கும் கலைஞராக வருவார். நம் வீடுகளில் அந்தப் படத்தின் ஒலிநாடா தேயத் தேய ஓடிய காலம் ஒன்று இருந்தது. படத்தில் வளைந்த பித்தளைக் குழலைப் பிரபு வாயில் வைத்திருந்தாலும், நாம் கேட்டு உருகிய நாதத்தில் பெரும்பகுதி வேறொருவருடைய மூச்சு. அவர்தான் கத்ரி கோபால்நாத். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் அவரை ஒவ்வொரு ராகமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாராம். ஏறக்குறைய முப்பது ராகம் ஆகியும் திருப்தி ஏற்படவில்லை. கடைசியில் கல்யாண வசந்தம் என்ற ராகத்தைத் தொட்டதும் "இதுதான்" என்று நிறுத்திக்கொண்டாராம். இதைக் கத்ரியே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கத்ரி பிறந்தது 1949-ஆம் ஆண்டு, கர்நாடக மாநிலத்தில் மங்களூருக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில். தந்தையார் நாயனக்காரர். எனவே பிள்ளையும் முதலில் கையில் எடுத்தது நாயனத்தைத்தான். ஒருமுறை மைசூர் அரண்மனைப் பாண்டு வாத்தியக் குழுவில் ஒருவர் சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டார். அந்த நாதம் அவரைப் பிடித்துக்கொண்டது. வாசித்தால் இதைத்தான் வாசிப்பது, அதுவும் நம் கர்நாடக சங்கீதத்தை இதில் வாசிப்பது என்று தீர்மானம் செய்துகொண்டார்.

தீர்மானம் செய்வது எளிது. அதில் உள்ள கஷ்டத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியம் நாட்டில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர். 1846-இல் பாரிஸ் நகரில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். தம் பெயரையே கருவிக்கும் வைத்துவிட்டார். உடல் முழுவதும் பித்தளை. ஆனாலும் மேல்நாட்டார் அதை எக்காளம், கொம்பு போன்ற பித்தளை வாத்தியங்களோடு சேர்ப்பதில்லை. மரக்குழல் வாத்தியங்களோடு சேர்க்கிறார்கள். காரணம் அதன் வாய்ப்பகுதி. அங்கே நாணல் இனத்துத் தட்டை ஒன்றைச் சீவி மெல்லிய நாக்குப் போலப் பொருத்தியிருப்பார்கள். ஊதும்போது அந்த நாக்கு அதிர்கிறது. அதிர்ச்சி குழலுக்குள் நாதமாகிறது. இப்போது நம் நாயனத்தைப் பாருங்கள். அதன் சீவாளியும் நாணல் இனத்துத் தட்டையால் ஆனதுதான். நாயனத்தில் இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன; சாக்ஸபோனில் ஒரே தகடு. ஆக, கோயில் வாசலில் மரக்குழலோடு நிற்பவரும், பித்தளைக் குழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவரும் ஒரு பாட்டி வழிப் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு அன்று.

வேறுபாடு விரலில் இருக்கிறது. நாயனத்தில் விரல் நேரே துளைமேல் படுகிறது. விரலைச் சற்றே நகர்த்தினால், உதட்டைச் சற்றே இறுக்கினால், ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த அசைவுக்குத்தான் கமகம் என்று பெயர். கமகம் இல்லாத ராகம் உப்பில்லாத குழம்பு. சாக்ஸபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. விரல் ஒரு சாவியை அழுத்துகிறது. சாவி ஒரு மூடியைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. 'ச' என்றால் 'ச', 'ரி' என்றால் 'ரி'. இரண்டுக்கும் நடுவே வழி கிடையாது. படிக்கட்டில் ஏறி இறங்குவது போலத்தான். படிக்கட்டை வைத்துக்கொண்டு சறுக்குமரம் விளையாட வேண்டும் என்றால் எப்படி? கத்ரி அதைத் தம் உதட்டாலும் தாடையாலும் மூச்சாலும் சாதித்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்றார். பிறகு சென்னைக்குச் சென்று டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். மிருதங்கத்திலும் வாய்ப்பாட்டிலும் தேர்ந்தவர் இவர். இளையராஜாவுக்கும் கர்நாடக இசை கற்பித்தவர். கருவி முழுமையாகக் கைவசப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பார்கள். இருபது ஆண்டுகள்! நட்டுவைத்த ரப்பர் கன்று வளர்ந்து, பால் கொடுத்து, மறுநடவுக்கு வரப் பாதிக்கு மேல் காலம் கடந்துவிடும்.

"அந்நிய வாத்தியத்தில் தியாகராஜர் கீர்த்தனையா?" என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இன்று எந்தக் கச்சேரியிலும் பாடகருக்குப் பக்கத்தில் இருக்கும் வயலினும் கடல் கடந்து வந்ததுதானே! முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், மாண்டலினைச் சீனிவாசும் நம்முடையதாக்கினார்கள். கருவிக்குச் சாதி கிடையாது. வாசிப்பவனுக்கு இருக்கும் பொறுமைதான் அது எந்த ஊர்க் கருவி என்பதை முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

இனி, இந்தக் கருவியை உலகெங்கும் புகழ்பெறச் செய்த இசையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதற்கு ஜாஸ் என்று பெயர். இங்கேதான் நேயர்களே, நமக்கும் அதற்கும் உள்ள உறவு வருகிறது.

ஜாஸ் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் உருவாயிற்று. அதை உருவாக்கியவர்கள் கறுப்பின மக்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பருத்தித் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் அடிமைகளாக வேலை வாங்கினார்கள். வேலை செய்யும்போது ஒருவர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பதில் அடி பாடுவார்கள். அந்தக் கேள்வியும் பதிலும் ஜாஸ் இசையின் எலும்புக்குள் இன்றும் இருக்கின்றன. நம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்கள் அல்லர். ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் வந்தவர்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் கடல் கடந்து வந்து, வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் பாடுபட்டு, பாட்டை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொண்டவர்கள் என்ற அளவில் நாம் அவர்களைப் புரிந்துகொள்ள முடியும். பால் வெட்டுவது தனி ஆள் வேலை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் ஓடுபவருக்குப் பாட ஏது நேரம்? ஆனால் புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்த நம் பாட்டிமார்கள் பாடினார்கள். ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் தொடுப்பார்கள். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஜாஸ் குழுவில் முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்வந்து அந்த மெட்டை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். எழுதி வைத்த தாள் கிடையாது. மற்றவர்கள் தாளத்தையும் சுருதியையும் கீழே பிடித்துக்கொண்டிருப்பார்கள். நம் கச்சேரியில் கீர்த்தனை முடியும் தறுவாயில் வித்வான் கற்பனைச் சுரம் பாட, வயலின்காரர் பதில் சொல்ல, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிப்பதில்லையா? ஏறத்தாழ அதுபோலத்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நமக்குச் சுருதி ஒன்று; ஆரம்பத்தில் சேர்த்தது கடைசிவரை அசையாது. ஜாஸ் இசையில் பல சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து, அந்தச் சேர்க்கையை அடிக்கடி மாற்றிக்கொண்டே போவார்கள். தரை நகர்ந்துகொண்டே இருக்கும். நம் ராகம் நகரும் தரையில் நடக்கப் பழகியது அன்று.

1980-ஆம் ஆண்டில் பம்பாயில் 'ஜாஸ் யாத்ரா' என்ற இசைவிழா நடந்தது. அங்கே கத்ரி வாசித்தார். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஜான் ஹாண்டி என்ற சாக்ஸபோன் கலைஞர் அதைக் கேட்டார். கேட்டவர், தாமும் கூட மேடையேறி வாசிக்கலாமா என்று கேட்டார். அப்போது கத்ரிக்கு முப்பது வயது. ஹாண்டி அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர், பெயர் பெற்றவர். மூத்தவர் இளையவரிடம் உத்தரவு கேட்டு மேடையேறினார். இருவரும் சேர்ந்து வாசித்ததைச் சபை கொண்டாடியது. அதன்பிறகு ஐரோப்பாவின் ஜாஸ் விழாக்கள் கத்ரியை அழைத்தன. 1994-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நிறுவனம் நடத்தும் புகழ்பெற்ற இசைவிழாவில் வாசித்தார். கர்நாடக இசைக் கலைஞர் ஒருவருக்கு அந்த விழாவில் அழைப்பு வந்தது அதுவே முதல்முறை. 2004-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அந்த விருதுகளைப் பற்றி அன்று. பம்பாய் மேடையில் இளையவராக நின்ற அதே கத்ரி, பிற்காலத்தில் மூத்தவராக ஓர் இளைஞர் குழுவோடு உட்கார்ந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த இளைஞரின் பெயர் ருத்ரேஷ் மகந்தப்பா. 1971-இல் பிறந்தவர். பெற்றோர் கர்நாடகத்திலிருந்து போனவர்கள். பிள்ளை வளர்ந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில். பள்ளிக்கூடத்தில் சாக்ஸபோன் கற்றார். ஜாஸ் இசையில் தேறினார். அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. பெயரையும் நிறத்தையும் பார்த்தவர்கள் "உனக்கு இந்திய இசை தெரிந்திருக்குமே!" என்றார்கள். அவருக்கோ தெரியாது. அமெரிக்கர்களுக்கு அவர் இந்தியர். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அமெரிக்கர். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, எந்த வீட்டுக்கும் பிள்ளை இல்லை. இந்தச் சங்கடம் நம் பிள்ளைகளில் சிலருக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அவர் இசைக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். 'இந்தியப் பாணியில் சாக்ஸபோன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அதில் இருந்தது. வேடிக்கையாகத்தான் கொடுத்தாராம். போட்டுக் கேட்டால், தம்முடைய கருவி தமக்குத் தெரியாத மொழியைச் சரளமாகப் பேசுகிறது! அது கத்ரியின் இசைத்தட்டு. அன்று தைத்த முள் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்தது. பின்னர் அவர் கத்ரியைத் தேடிப்போனார். சென்னையில் தங்கிக் கர்நாடக இசையைக் கற்றார். இருவருக்கும் பொருந்துமாறு ஒரு குழுவை அமைத்தார். 2008-இல் அவர்கள் வாசிப்பு இசைத்தட்டாக வெளிவந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'கின்ஸ்மென்'. நம் மொழியில் சுற்றத்தார், பங்காளிகள் என்று சொல்லலாம்.

குழுவில் யார் யார் என்று கேளுங்கள். கத்ரி, அவரோடு பல மேடைகளில் வாசித்த வயலின் கலைஞர் அ. கன்யாகுமரி அம்மையார், மிருதங்கத்துக்குப் பூவலூர் ஸ்ரீஜி. இவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ருத்ரேஷ், கராச்சியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ரெஸ் அப்பாசி என்ற கிட்டார் கலைஞர், பெரிய பாஸ் வாத்தியக்காரர் ஒருவர், டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர். இந்தக் குழுவுக்குத் தலைவர் மூத்தவரான கத்ரி அல்லர், இளையவரான ருத்ரேஷ். மெட்டுகள் அமைத்தவரும் அவரே. ஐம்பத்தெட்டு வயதான வித்வான், தம்மைவிட இருபத்திரண்டு வயது இளைய ஒருவரின் குழுவில் வந்து உட்காருகிறார்.

இது சாதாரணக் காரியம் அன்று. நம் வழக்கத்தில் மூத்த வித்வான்தான் கச்சேரியின் எசமானர். எந்த ராகம், எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் கண்ணசைவில் நடக்கும். இளையவர் குழுவில் மூத்தவர் சேரும்போது இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, எல்லாரும் அவரை வணங்கிப் பயந்து ஒதுங்கி நிற்பார்கள், அவர் சாமி சிலை மாதிரி நடுவில் இருப்பார், இசை நடக்காது. இன்னொன்று, இளையவர்கள் வேகத்தைக் காட்டி ஓடுவார்கள். பெரியவர் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருவார். சபை பரிதாபப்பட்டுக் கைதட்டும். இரண்டாவதைப் பார்ப்பதுதான் எனக்கு அதிக வேதனை.

அந்த இசைத்தட்டில் இரண்டும் நடக்கவில்லை. ருத்ரேஷ் நகரும் தரையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார். கத்ரியின் ராகம் இடறாதபடி மெட்டுகளை அமைத்தார். ஒரு மெட்டுக்குக் கல்யாணி என்று ராகத்தின் பெயரையே வைத்தார். கத்ரி, கன்யாகுமரி, கிட்டார் கலைஞர் ஆகியோர் தனித்தனியே சிறு ஆலாபனை செய்வதற்கென்று இடமும் விட்டார். கத்ரி தம் பங்குக்கு ஜாஸ்காரர் மாதிரி வேடம் போடவில்லை. நம் கோயில் மண்டபத்தில் எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசிக்கிறார். இரண்டு சாக்ஸபோன்களும் ஒரே வகை. ஒரே குரல் உயரம். முதலில் கேட்பவர்களுக்கு யார் மூத்தவர், யார் இளையவர் என்று குழம்பும். கொஞ்ச நேரத்தில் பிடிபடும். ஒரு குழல் வளைந்து, இழைந்து, சுரத்தைத் தாலாட்டிக்கொண்டு வருகிறது. மற்றொன்று கூர்மையாக, துடிப்பாக, வெட்டி வெட்டிப் போகிறது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். புல்வெட்டில் பாட்டி எடுத்த அடியும், கும்பல் தொடுத்த அடியும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

இப்படி மூத்தவரும் இளையவர்களும் சேர்ந்து வாசிப்பதை நேரில் பார்ப்பது தனி அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில், ஒரு பள்ளிக் கட்டட நிதிக்காக நடந்த விருந்துக்குப் போயிருந்தேன். மேடையில் ஓர் இளைஞர் குழு. கிட்டார் வாசித்தவன் நம் பையன், டிரம்ஸில் ஒரு மலாய் இளைஞர், பியானோவில் ஒரு சீனப் பெண். நடுவே நாற்காலியில் எழுபது வயதைக் கடந்த ஒரு சீனப் பெரியவர் சாக்ஸபோனோடு உட்கார்ந்திருந்தார். ஈப்போ ஜூபிலி பார்க் கேளிக்கை மைதானத்தில் நடன மண்டபங்கள் கலகலத்த காலத்து மனிதர் என்று அறிமுகம் செய்தார்கள். அந்தக் காலத்தை உங்கள் தாத்தாமார்களைக் கேளுங்கள். பெரட்டு முடிந்து, சம்பளம் வாங்கி, சனிக்கிழமை பஸ் ஏறி அங்கே போனவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். பாட்டியிடம் கேட்காதீர்கள்!

முதல் இரண்டு பாட்டில் பிள்ளைகள் மிகுந்த சத்தத்தோடு வாசித்தார்கள். பெரியவர் தம் சத்தத்தைக் கூட்டவில்லை. ஒலிபெருக்கியை நெருங்கவும் இல்லை. இரண்டு சுரம் வாசித்தார், நிறுத்தினார். மறுபடி மூன்று சுரம், நிறுத்தினார். நிறுத்திய இடங்களில் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாசித்துக்கொண்டிருந்த பிள்ளையின் பக்கம் முகத்தைத் திருப்பி முழுக்கவனத்தோடு கேட்டார். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் இளைஞர் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய கம்பிகளால் ஆன துடைப்பம் போன்ற ஒன்றை எடுத்தார். அதைக் கொண்டு தட்டாமல் தோல்மேல் தேய்த்தார். பியானோப் பெண் ஒரு கையை எடுத்துவிட்டாள். மண்டபம் அடங்கிற்று. சாப்பாட்டுத் தட்டின் சத்தம்கூட நின்றது. யாரும் யாரையும் அதட்டவில்லை. "மெதுவாக வாசி" என்று ஒருவர் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் கேட்டார். அவர் கேட்டதால் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினார்கள். இருபத்துச் சொச்சம் ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் நான், அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இதைத்தான் இசைத்தட்டில் பார்க்க முடியாது. காதுக்குக் கேட்பது வாசிக்கும் நேரம் மட்டும். வாசிக்காத நேரத்தில் மூத்தவர் என்ன செய்கிறார் என்பதை மேடையில்தான் பார்க்கலாம். அடுத்த முறை கல்லுமலைத் தைப்பூசத்துக்கோ உங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கோ போகும்போது, நாயனக்காரர் இடைவெளி விடும் நேரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். தவில்காரரின் கையை அவர் எப்படிப் பின்தொடர்கிறார் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

பார்ப்பதற்கு நாயனக்காரர் இருந்தால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரு தாத்தா இருந்தார். காலையில் பால்வெட்டு, மாலையில் மாரியம்மன் கோயிலில் நாயனம். சீவாளிகளை ஒரு பால்டின்னில் பஞ்சு வைத்துப் பாதுகாப்பார். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே லயத்துக்குப் பின்னால் ஆற்றோரம் போய் ஊதிப் பழகுவார். அவரிடம் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. "அது ஒரு பிழைப்பா?" என்று பெரியவர்கள் சொன்னார்கள், அது பிழைப்பு இல்லைதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். தாத்தா காலமானார். அவருடைய நாயனம் கோயில் ஸ்டோரில் துணி சுற்றி வைத்திருக்கிறது. எடுத்து ஊத ஆள் இல்லை. திருவிழாவில் இப்போது ஒலிபெருக்கியில் பதிவு செய்த மங்கள இசை போடுகிறார்கள். சில பெரிய கோயில்கள் இந்தியாவிலிருந்து வித்வான்களைத் தருவிக்கின்றன. அவர்கள் நல்ல வித்வான்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் தாத்தா எந்தச் சாமி புறப்பாட்டுக்கு எதை வாசித்தார், கரகம் பாலிக்கும்போது எதை வாசித்தார் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அது அவர் மூச்சோடு போயிற்று.

நம் இளைஞர்கள் இசையை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். பேராக் மாநிலத்தில் அவை இல்லாத வட்டாரம் உண்டா? அந்தப் பிள்ளைகளை ஏசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பள்ளி விட்ட பிறகு வேறு வேண்டாத இடத்துக்குப் போகாமல் தோல் வாங்கி, மேளம் கட்டி, கை புண்ணாகும்வரை பழகுகிறார்கள். என் குறை ஒன்றுதான். அந்தக் குழுக்களில் பலவற்றில் எல்லாரும் ஒரே வயது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், எழுபது வயதுக்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தத்துக்குள் ஓர் இடைவெளி பிறக்கும். தப்பு வாசித்த பெரியவர்களும், உடுக்கை அடித்த பெரியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தலைவராக்கிக் கும்பிட வேண்டியதில்லை. ருத்ரேஷ் செய்தது போலக் குழுவில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.

வேறொரு குறையும் காதில் விழுகிறது. இடைநிலைப்பள்ளிகளில் 'பஞ்சராகம்' என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் பாண்டுக் குழு இருக்கிறது. பெயரைப் பாருங்கள், நம் காதுக்குப் பழகிய சொல்! அங்கே கிளாரினெட், சாக்ஸபோன் போன்ற கருவிகளைப் பள்ளியே கொடுத்துக் கற்றுத் தருவதும் உண்டு. நம் பிள்ளை ஒருவன் அதில் சேர்ந்து, கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊதினால், "காது போகுது, நிறுத்துடா" என்கிறோம். உண்மைதான், புதிதாகப் பழகுபவன் ஊதும் சாக்ஸபோன் காதுக்கு இனிமையானதல்ல. லயத்து வீட்டில் சுவருக்குச் சுவர் ஒட்டு; தாமான் வீட்டிலும் அப்படியே. விடியற்காலை எழ வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

இதற்கு ஒரு வழியை அமெரிக்காவில் ஒரு பெரிய கலைஞர் காட்டியிருக்கிறார். சன்னி ரோலின்ஸ் என்று பெயர், 1930-இல் பிறந்தவர். ஜாஸ் சாக்ஸபோனில் முதல் வரிசையில் இருந்தவர். 1959-ஆம் ஆண்டில், புகழ் ஓங்கியிருந்த வேளையில், தம் வாசிப்பு தமக்கே போதவில்லை என்று மேடையேறுவதை நிறுத்திக்கொண்டார். நியூயார்க்கில் அவர் குடியிருந்ததும் நெருக்கமான அடுக்குமாடி. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகுமே என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். ஆற்றுக்கு மேலே, ரயிலும் வண்டியும் இரைந்துகொண்டு ஓட, அந்தப் பாலத்தின் நடைபாதையில் நின்று நாள்தோறும் மணிக்கணக்காக ஊதினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் பழகிய பிறகுதான் மீண்டும் மேடைக்கு வந்தார். எங்கள் தோட்டத்துத் தாத்தா ஆற்றோரம் போய் ஊதியது இவரைப் பார்த்து அல்ல; இவரும் அவரைப் பார்த்து அல்ல.

ஆகவே பெற்றோர்களே, பையனை நிறுத்தச் சொல்லாதீர்கள். இடத்தை மாற்றச் சொல்லுங்கள். செம்பனைக் காட்டு ஓரம், பந்துத் திடல், பூட்டிக் கிடக்கும் பழைய ஆயாக்கொட்டகை, எங்கே வேண்டுமானாலும் போகட்டும். மாலை ஐந்தரை மணி முதல் ஆறரை வரை போதும். அண்ணனோ அக்காளோ துணைக்குப் போகட்டும். பெண் பிள்ளை கேட்டாலும் மறுக்க வேண்டாம். நான் சொன்ன கன்யாகுமரி அம்மையார் எம்.எல். வசந்தகுமாரிக்கு நெடுங்காலம் பக்கவாத்தியம் வாசித்தவர். 2015-இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

கத்ரி கோபால்நாத் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி மங்களூரில் காலமானார். ருத்ரேஷ் தொடர்ந்து வாசித்துவருகிறார்.

நேரம் நெருங்குகிறது. கடைசியாக, கருவியை வீட்டுக்குக் கொண்டுவரும் மாணவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. சாக்ஸபோனின் நாக்குத் தகட்டை ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித் தகடு இருக்கட்டும். சாப்பிட்டவுடன் ஊதாதீர்கள், வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். ஊதி முடித்ததும் தகட்டைக் கழற்றி, மெல்லிய துணியால் ஒற்றி, காற்றாட உலரவிட்டு, பிறகு பெட்டிக்குள் வையுங்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.